முனியம்மாவுக்கு முன்னால் யாரைக் கேட்டோம்?



பரவை முனியம்மா என்ற பெயர் தெரியாதவர்கள் எங்கள் கல்குடாப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ‘தூள் படத்தில பாடுற பெத்தா’ என்று சொன்னால் விளங்காதவர்கள் இல்லை. 2003 ஜனவரியில் வந்த படம் அது. கதாநாயகன் விக்ரம் அடியாட்களோடு மோதுகிறார். பக்கத்தில் நின்று ஒரு வயதான பெண் பாடுகிறார். அந்தக் காட்சியைப் பார்த்தபின் விக்ரமை விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றியே கதைத்துக்கொண்டு வீடு போனவர்கள் எத்தனையோ பேர்.

முனியம்மா மதுரைக்குப் பக்கத்திலுள்ள பரவை என்ற ஊரைச் சேர்ந்தவர். ஊர்த் திருவிழாக்களிலும் கோயில் மேடைகளிலும் பல வருடங்களாக நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வந்தவர். பேரப்பிள்ளை காணும் வயதில்தான் திரையில் பெயர் பெற்றார். அதற்குப் பிறகு ஏராளமான படங்களில் கிராமத்துப் பாட்டியாக வந்தார். தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையலும் செய்து காட்டினார். 2020 மார்ச் 29ஆம் திகதி காலமானார். இந்தியாவில் கொரோனா ஊரடங்கு தொடங்கி ஐந்தாம் நாள். இங்கேயும் எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நேரம் என்பதால் அந்தச் செய்தி பலருக்கும் தெரியாமலே போய்விட்டது. சென்ற மாதம் எங்கள் குழுவில் நான் சொன்னபோதுதான் இரண்டு பேர் “செத்துப் போயிட்டாவா?” என்று வாயில் கைவைத்தார்கள்.

‘தூள்’ படம் எங்களிடம் வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஒரு வருடம்கூடச் சரியாக ஆகவில்லை. இரவில் முற்றத்தில் விளக்கு வைத்துக்கொண்டு இருக்கலாம் என்பதே புதிதாக இருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. தொலைக்காட்சிப் பெட்டி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, பாய் விரித்து, ஒரு வளவில் அயலெல்லாம் கூடிப் படம் பார்ப்போம். அதற்கு முன்னைய பல வருடங்களில் ஆட்கள் அப்படிக் கூடினால் அது சாவீடாகத்தான் இருந்திருக்கும். அந்த முற்றத்தில்தான் முனியம்மாவின் குரலை முதன்முதல் கேட்டோம். எங்கள் ஊருக்கு அவர் சமாதானத்தோடு வந்து சேர்ந்தவர். அந்தச் சமாதானம் நிலைக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து அந்த வளவுகளில் சிலவற்றையும் கொண்டுபோனது. பாட்டு மட்டும் கைபேசி மணியாக இன்னும் இருக்கிறது.

அந்தக் கைபேசி மணிதான் இந்த மாதப் பக்கத்தை எழுத வைத்தது. முன்பள்ளிக் கட்டடத்தில் சேமிப்புக் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு தங்கச்சியின் போனில் முனியம்மா உரத்துப் பாடினார். எல்லோரும் சிரித்தோம். அப்போது வயதில் மூத்த ஒருவர், அவரை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடுவோம், கேட்டார்: “அதெல்லாம் சரி, இவவக் கேட்க முன்னம் நீங்க ஆருட பாட்டில உசிரா இருந்தீங்க?” கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தோம். பிறகு ஒன்றரை மணித்தியாலம் அது திறபடவில்லை. பெண்களைப் பேசவைக்க பயிற்சிப் பட்டறைகளில் எத்தனையோ விளையாட்டுகள் சொல்லித் தந்திருக்கிறார்கள். பெரியம்மாவின் கேள்வி அளவுக்கு எதுவும் வேலை செய்து நான் கண்டதில்லை.

பெரியம்மாவே முதலில் சொன்னார். அவருக்கு கே.பி. சுந்தராம்பாள். தகப்பன் வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்தவர், சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு றேடியோப் பெட்டி வாங்கியவர். “சுந்தராம்பாள் பாடினா எங்கட அப்பா ஒருத்தரையும் மூச்சு விட உடமாட்டார். அடுப்பில சோறு கருகினாலும் ஒழும்பக் கூடாது.” 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்துப் பாட்டுகளும் 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ பாட்டும் அவருக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

சுந்தராம்பாளின் கதை நம் வாசகியருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1908இல் கொடுமுடியில் பிறந்து, சிறு வயதிலேயே வறுமையால் பாட வந்தவர். இலங்கைக்கு நாடகம் நடிக்க வந்த இடத்தில்தான் எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொண்டார்கள். 1933இல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான், நகை இல்லை. சில காலம் ஒதுங்கியும் இருந்தார். ஆனால் மறுபடி வந்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு ஒரு லட்சம் ரூபா பெற்றார் என்பது அந்தக் காலத்தில் ஊரெல்லாம் பேசிய செய்தி. 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். இந்தியாவில் சட்டசபைப் படி ஏறிய முதல் திரைக் கலைஞர் அவர். 1980இல் இறக்கும்வரை அந்தக் குரலுக்கு மதிப்புக் குறையவில்லை.

பெரியம்மா இதைச் சொல்லி முடித்தபோது குழுவில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். “வெள்ளை உடுத்துக்கொண்டு மேடையில நிண்டு சாமிப் பாட்டுப் பாடினவவா? ஆரும் ஒண்டும் சொல்லல்லயா?” அந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வயதுக்காரருக்கு எல்லாம் இலங்கை வானொலிதான். நம்முடைய வானொலியைத் தமிழ்நாட்டிலே காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட காலம் அது. ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களையே பாடகர்களைப்போல நேசித்தார்கள். தபாலட்டையில் விருப்பப் பாட்டு எழுதிப்போட்டு, வானொலியில் தன் பெயரையும் ‘கல்குடா’ என்ற ஊர்ப் பெயரையும் ஒருநாள் கேட்ட கதையை ஓர் அக்கா சொன்னார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் சிவந்தது. அவர் கேட்ட பாட்டு பி. சுசீலா பாடியது. பின்னணிப் பாடகிக்கான இந்திய தேசிய விருது முதன்முதல் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் சுசீலாதான். 17,695 பாட்டுகள் பாடியவர் என்று 2016இல் கின்னஸ் புத்தகம் பதிந்திருக்கிறது. அந்த அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. “சுசீலாட குரல் கழுவின பிளேட்டு மாதிரி” என்றார். இதைவிட நன்றாக நான் சொல்லப்போவதில்லை.

எஸ். ஜானகிக்கு இரண்டு பேர், எல்.ஆர். ஈஸ்வரிக்கு நான்கு பேர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்காமல் எங்கள் பக்கத்துக் கோயில்களில் சடங்கு நடப்பதில்லை. அவர் கத்தோலிக்கர் என்று நான் சொன்னதும் ஒருவரும் நம்பவில்லை. ஓட்டமாவடியிலிருந்து வரும் சகோதரிக்கு நாகூர் ஹனீபா. “எங்கட வாப்பாக்கும் அவர்தான், எனக்கும் அவர்தான்” என்றார். அப்போது எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு குரல் “எங்கட அப்பாக்கும் அவர்தான்” என்றது. 2015இல் ஹனீபா இறந்தபோது வாழைச்சேனையில் இரண்டு பக்கத்துக் கடைகளிலும் அவர் பாட்டுப் போட்டதை அந்தச் சகோதரி நினைவுபடுத்தினார். எங்கள் இரு சமூகத்துக்கும் இடையில் நடந்ததை எல்லாம் நினைத்தால் இது சின்ன விடயமில்லை.

பைலா பிரியர்களும் இருந்தார்கள். ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ இல்லாமல் கல்யாண வீட்டு இரவு விடியாது என்ற காலத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். என் வயதுக்காரருக்கு ஸ்வர்ணலதா. பெண் சிசுக் கொலையைப் பற்றிய ‘கருத்தம்மா’ படத்தில் பாடியதற்காக தேசிய விருது பெற்று, 2010இல் 37 வயதிலேயே போய்விட்டவர். எனக்கும் அவர்தான்.

ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். கேட்டதற்கு, “நான் ஒருத்தரையும் கேட்கல்ல மிஸ். கேட்கிற வயசில நாங்க காட்டுக்குள்ள” என்றார். 1990இல் அவருக்குப் பத்து வயது. முகாம் முகாமாக மாறித் திரிந்ததில் றேடியோவும் இல்லை, இருந்தாலும் பெற்றரி இல்லை. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள் என்று நாம் வாசித்திருக்கிறோம். சுற்றுவதற்குச் சைக்கிளாவது வேண்டுமே. “அப்ப முனியம்மாதான் எனக்கு முதல்” என்று அவர் சொன்னபோது பெரியம்மா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இலங்கை வானொலியில் பெண்களுக்காக ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சியின் பெயர் ‘பூவும் பொட்டும்’. எங்கள் தாய்மார் விரும்பிக் கேட்டது. சமூகவியல் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கடந்துபோக முடியவில்லை. கணவன் போனதும் ஒரு பெண்ணிடமிருந்து நமது சமூகம் எடுத்துக்கொள்வது அந்த இரண்டையும்தானே. அந்த நிகழ்ச்சியை அன்று ஆசையோடு கேட்டவர்களில் எத்தனை பேர் பிறகு பூவும் பொட்டும் இழந்தார்கள்! வடக்கு கிழக்கில் 89,000 விதவைகள், அதில் கிழக்கில் மட்டும் 49,000 என்று 2010இல் பிரதி அமைச்சர் ஒருவர் கணக்குச் சொன்னார்.

சரி, முனியம்மாவிடம் வருவோம். இவ்வளவு பெரிய பாடகர்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவரிடம் அப்படி என்ன இருந்தது?

சினிமாவில் பெண் குரல் என்றால் மெல்லியதாக, உயர்ந்ததாக, எப்போதும் பதினெட்டு வயதாக இருக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். பாடுபவருக்கு அறுபது வயதானாலும் குரலுக்கு வயது ஏறக்கூடாது. முனியம்மாவின் குரல் அப்படியில்லை. கரகரப்பானது. அடித்தொண்டையிலிருந்து வருவது. வயலின் இந்த வரம்பில் நின்று அந்த வரம்பில் நிற்பவரைக் கூப்பிடுகிற குரல். ஒலிவாங்கி இல்லாமலும் கேட்கும். “இது பாட்டுக்காரியிட குரல் இல்ல, நம்மட குரல்” என்று ஒருவர் சொன்னார். பெரியம்மா உடனே, “எங்கட பெத்தா நெல்லுக் குத்தக்குள்ள இப்பிடித்தான்கா பாடுவா” என்றார்.

அதோடு பேச்சுத் திரும்பிவிட்டது. சுசீலாவும் ஜானகியும் ஒதுங்கிக்கொள்ள, ஒவ்வொருவருடைய பெத்தாவும் மாமியும் மூத்தம்மாவும் வந்தார்கள். யார் தாலாட்டுக்குப் பேர்போனவர், யார் வயலில் கவி சொல்லி ஆண்களை வாயடைக்க வைத்தவர், யார் ஊஞ்சல் பாட்டுக்கு அழைக்கப்பட்டவர், யார் ஒப்பாரி சொன்னால் கல்லும் கரையும் என்றெல்லாம் வெளியில் வந்தது. ஓட்டமாவடிச் சகோதரி தன் மூத்தம்மா சொன்ன கவியின் கதையைச் சொன்னார். கரைவலை இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாட்டில் கெட்ட வார்த்தை எங்கெங்கே வரும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் இந்தப் பெண்களில் ஒருவரையும், ‘உங்களுக்குப் பிடித்த பாடகர் யார்’ என்ற கேள்விக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. வீட்டில் பாடியது பாட்டு என்ற கணக்கிலேயே இல்லை. முனியம்மாவைத் திரையில் கண்டபிறகுதான் பெத்தாவையும் ஒரு பாடகியாக நினைத்துப் பார்க்க முடிந்திருக்கிறது.

படித்தவர்கள் இதை முன்பே கண்டிருக்கிறார்கள். பண்டிதர் வி.சீ. கந்தையா 1964இல் எழுதிய ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் நமது நாட்டுக் கவிகளுக்குப் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ வந்தது. மதுரையில் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்துகொண்டே ஊர் ஊராகப் பாட்டுத் தேடிப் பாடி, 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கொல்லங்குடி கருப்பாயி அகில இந்திய வானொலியில் பாடி, 1985இல் ‘ஆண்பாவம்’ படத்தில் நடித்து, 2025இல் நல்ல முதிர்ந்த வயதில் மறைந்தார். நூலில் அச்சான பாட்டுகளுக்குக் கீழே பாடிய பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது. கருப்பாயிக்கும் முனியம்மாவுக்கும் ஊர்ப் பெயரோடு சேர்ந்து பெயர் கிடைத்தது. அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது, சுந்தராம்பாளைப் பற்றிக் கேள்வி கேட்டாரே, அவரிடம் வருகிறேன். அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. 1990இல் அவருடைய கணவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கும்படி எத்தனையோ பேர் சொல்லியும் அவர் எடுக்கவில்லை. 2016இல் சட்டம் திருத்தி, காணாமற்போனவர்களுக்கென்று வேறொரு சான்றிதழ் கொடுக்க வழிசெய்தார்கள். அதையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். நெற்றியில் இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். ஆனால் ஊர் அவரை விதவையாகத்தான் நடத்துகிறது. சாமத்திய வீடுகளில் குரவை போடும் இடத்துக்கு அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஒருமுறை அவராகவே முன்னுக்குப் போனபோது, சொந்தக்காரர் ஒருவர் கையைப் பிடித்துப் பின்னுக்குக் கொண்டுபோய் விட்டார். கையை மெதுவாகத்தான் பிடித்தாராம்.

எங்கள் படிவங்களில் இவரை ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்று எழுதுகிறோம். தலைமை படிவத்தில் மட்டும்தான். கோழிக்கூடு தருவதற்கு அந்தச் சொல் உதவுகிறது, மணவறைக்குப் பக்கத்தில் நிற்க உதவுவதில்லை. இதில் எனக்கு விளங்காத விடயம் ஒன்று உண்டு. மட்டக்களப்பில் வைகாசி பிறந்தால் ஊருக்கு ஊர் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு. வழக்குரை காவியம் படிக்கிறோம், குளிர்த்தி பாடுகிறோம். கணவனை அநியாயமாகப் பறிகொடுத்த ஒரு பெண்ணைத்தான் இவ்வளவு காலமும் தெய்வமாகக் கும்பிட்டு வருகிறோம். அதே நிலையிலுள்ள பெண்ணை மங்கலக் காரியத்தில் ஓரமாக்குகிறோம். மீனே பாடுகிற நாடு என்று பெருமை வேறு!

அந்த அக்கா ஒரு காலத்தில் தாலாட்டுக்குப் பேர்போனவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. அயலில் பிள்ளை அழுதால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். 1990க்குப் பிறகு பாடவில்லை. தன் பிள்ளையைக்கூடச் சும்மா தட்டித்தான் நித்திரையாக்கினார். அந்தப் பிள்ளை இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அவருடைய கைக்குழந்தை இங்கே இந்த அக்காவிடம் வளர்கிறது. குவைத்திலிருந்து மகள் ஒவ்வொரு கிழமையும் கேட்கிறாளாம்: “அம்மா, எனக்குத்தான் பாடல்ல, இவளுக்காவது பாடி வாட்ஸப்பில அனுப்பு, நானும் கேட்டுப் படுக்கிறன்.”

“அவர் வரட்டும், பாடுவம்” என்பது அக்காவின் பதில். முப்பத்தைந்து வருடமாக அதுதான் பதில்.

குழுவில் இதைப்பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட ஆருட்ட அனுமதி கேட்கிற என்று இளையவர்கள் சத்தம் போட்டார்கள். அவருடைய பக்கத்து வளவுக்காரரான ஒரு மாமி கடுமையாக எதிர்த்தார். “பாட்டு எண்டா என்ன விளையாட்டா? அவட மனசுக்கு வராத ஒண்ட வாயால வரப்பண்ண ஏலாது. நீங்க போனில போட்டு ஊரெல்லாம் காட்டப்போறீங்க.” மாமி சொன்னதில் பாதி சரி. பாடினால் மனம் ஆறும் என்று நாம் சொல்லிவிட்டுப் போவது எளிது. பாடும்போது யார் நினைவு வரும் என்பது பாடுபவருக்குத்தான் தெரியும். நான் ஒருவரையும் பாடச்சொல்லி வற்புறுத்துவதில்லை.

ஆனால் ஒரு கதை சொன்னேன். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் கேப் வேர்டே என்று சில தீவுகள் இருக்கின்றன. அங்கே செசாரியா எவோரா என்று ஒரு பெண். பிரிவைப் பற்றிய அந்த ஊர்ப் பாட்டுகளைத் துறைமுகத்து மதுக்கடைகளில் சொற்பக் காசுக்குப் பாடிக்கொண்டிருந்தார். 1970களின் நடுப்பகுதியில் மனம் வெறுத்துப் பாட்டை நிறுத்திவிட்டார். பத்து வருடம் பாடவில்லை. பிறகு மறுபடி தொடங்கி, ஐம்பதை எட்டும் வயதில் உலகமெங்கும் பேர் பெற்றார். மேடையில் செருப்பில்லாமல் வெறுங்காலோடு நிற்பார். 2011இல் இறந்தார். அக்கா இதைக் கேட்டுவிட்டு, “பத்து வருசம்தானே” என்றார். அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம்.

பாட்டால் வயிறு நிறையும் என்று யாரும் நம்ப வேண்டாம் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். உலகமறிந்த முனியம்மாவே கடைசிக் காலத்தில் நோயோடும் பணக் கஷ்டத்தோடும் இருந்தார். 2015இல் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாவை வைப்பிலிட்டு, அதன் வட்டி மாதாமாதம் அவருக்குக் கிடைக்க ஒழுங்கு செய்தார். அத்தனை மேடை ஏறியவருக்கு அந்த நிலை. இப்போது எங்கள் பக்கத்துக்கும் கைபேசியோடு ஆட்கள் வருகிறார்கள். ஆய்வுக்கென்று மாணவர்கள், படம் எடுக்க நிறுவனங்கள், ரிக்ரொக்குக்கென்று பொடியன்மார். பெத்தாமாரைப் பாடச்சொல்லிப் பதிந்துகொண்டு போகிறார்கள். அவர்களைத் துரத்தச் சொல்லவில்லை. ஆனால் பாட முன்னம் கேளுங்கள்: இது எங்கே போகும், என் பெயர் போடுவீர்களா, பிரதி ஒன்று எனக்குத் தருவீர்களா, இதில் நீங்கள் காசு உழைத்தால் எனக்கு என்ன? பெயர் போட வேண்டாம் என்றாலும் அதையும் சொல்லலாம். ஒப்பாரியில் இறந்தவர் பெயரும் இறந்த விதமும் வரும். நம் ஊரில் அது வெளியே போவதால் ஆபத்தும் வரலாம். அதை மறக்காதீர்கள்.

எங்கள் குழு ஒரு கொப்பி வாங்கியிருக்கிறது. ஒரு பக்கத்தில் பாட்டு, எதிர்ப்பக்கத்தில் பாடியவர், யாரிடம் கற்றவர், எந்த வேலைக்குப் பாடியது என்று எழுதுகிறோம். முகாமில் வளர்ந்த, ஒருவரையும் கேட்காத அந்தத் தங்கச்சிதான் எழுதுகிறவர். கையெழுத்து முத்து. இதுவரை பதினொரு பாட்டு. அதில் மூன்று ஓட்டமாவடிச் சகோதரியின் மூத்தம்மாவுடையது.

அந்த அக்காவின் பக்கம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தை விட்டுவைக்கச் சொன்னவர் பெரியம்மா. இரண்டு கிழமை கழித்து நான் வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது, எதிர்த்துக் கதைத்த அந்த மாமி படலையில் நின்று என்னை மறித்தார். முந்தாநாள் இரவு வேலிக்கு அப்பால் சத்தம் கேட்டதாம். குழந்தை அழுது, பிறகு அழுகை நின்றதாம். பிறகும் குரல் நிற்கவில்லையாம்.

“போனில பதிஞ்சாவா?” என்று கேட்டேன்.

“அது எனக்குத் தெரியா. ஆனா மிஸ், ஆர் அடிச்சி அழுறாய் எண்டு உறவு சொல்லிக் கேட்டு வாற இடத்தில, மாமியையும் பெரியம்மாவையும் சொல்லிப்போட்டு சித்தியை விட்டுட்டா. எங்கட அம்மா பாடக்குள்ள சித்திதான் கடைசி. அத ஆராவது அவட்ட சொல்லோணும்.”

நீங்களே சொல்லுங்கள் மாமி என்றேன். அவர் வேலியைப் பார்த்தார். அந்த வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, அதனூடாகத்தான் இரண்டு வீட்டுக்காரரும் நெருப்புப்பெட்டி மாற்றுவது. மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.